கொண்டைச் சிவப்பு

கார்த்திகை 3

கோழிகளோடு மேலே வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையம் சந்தையில் வாங்கிய ஐந்து பெட்டையும் ஒரு சேவலும். மலைப் பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்து, "கோழிக்கும் டிக்கெட் போடணும்மா" என்றான். "போடுப்பா, ஆனா அதுகளுக்கு ஜன்னலோரம் குடு" என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஊட்டி தாண்டி இன்னொரு பஸ் மாறி இந்த அணைக்கட்டுக் கேம்ப்பில் இறங்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரில் பல் கிட்டிக்கொண்டது.

முத்துச்செல்வி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்தபின் என் தங்கைக்குத் தாய்வீடு என்றால் சாத்தூரில் இருக்கும் என் வீடுதான். இந்த வயிற்றோடு மலை இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தாய்வீடு பஸ் ஏறி வந்துவிட்டது.

அவள் புருஷன் வீரபாகு அணையில் ஷிப்ட் ஆப்பரேட்டர். "மதினி, கோழி எதுக்கு? இங்க பனி கொட்டும்" என்றார்.

"பிள்ளை பெத்தவளுக்கு அந்த வெள்ளை பிராய்லரையா போடப் போறீங்க தம்பி? நாட்டுக்கோழி முட்டையும் சாறும் உள்ள போகணும். அப்பத்தான் உடம்பு தேறும்."

வாயை மூடிக்கொண்டார். நல்ல பிள்ளை.

எனக்குப் பிள்ளை இல்லை. இனி இருக்கப் போவதுமில்லை. இந்த ஒரு பிள்ளையைக் குறையில்லாமல் கையில் வாங்கி, குறையில்லாமல் தேற்றிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் என் வீட்டுக்காரரைச் சாத்தூர்க் கடையில் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்த டைரி கடைக்கு இனாமாக வந்தது. செல்போனும் எடுக்காத இந்த ஊரில் இதனோடுதான் பேச வேண்டும்.

கார்த்திகை 6

கூடு தயார். அணைக்கு மெஷின் சாமான் வந்த பெரிய மரப்பெட்டியை வீரபாகு கதவு வைத்துத் தந்தார். உள்ளே குறுக்கே கம்பு, கீழே உமி. மேலே ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குச் சந்து விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், பக்கத்து வீட்டு மாதம்மாள் சொன்னாளாம். இந்தக் கேம்ப்பில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பவர்களில் எங்களை ஒட்டி இருப்பவள் அவள் ஒருத்திதான். அணை பார்க்க வரும் அதிகாரிகள் தங்கும் பங்களாவில் சமைக்கிறாள். வேலிக்கு மேல் தலையை நீட்டி நம் வீட்டுக்குள் குழம்பு கொதிப்பது வரை பார்ப்பாள்.

சேவலுக்கு மைனர் என்று பேர் வைத்தேன். நடையைப் பார்த்தால் ஜரிகை வேட்டிதான் குறை. பெட்டைகளில் அலகுமேல் புள்ளி உள்ளவள் மூக்குத்தி. ஒருத்தி கருப்பி. மற்ற மூவருக்கும் இன்னும் பேர் வரவில்லை.

கார்த்திகை 10

காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. உறைபனி. கோழித் தண்ணீர் தட்டோடு கண்ணாடியாகி இருந்தது, உடைத்துத்தான் எடுத்தேன். மூக்குத்தியின் கொண்டை நுனி கறுத்திருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவலாம் என்றால் அது பாட்டிலில் கல்லாக இருக்கிறது. விளக்கெண்ணெய் தடவினேன்.

மாதம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "குளிரு கோழியக் கொல்லாதுங்க. ஈரந்தான் ஆவாது. மேல சந்து மட்டும் தொறந்தே இருக்கட்டுங்க."

இந்தக் குளிரில் சந்து திறந்திருக்கணுமாம். சொந்தக் கோழியாக இருந்தால் சொல்வாளா?

கார்த்திகை 11

சந்தில் சாக்கை அடைத்துவிட்டேன்.

கார்த்திகை 16

காலையில் கூட்டுக் கூரையின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கோழிகள் நனைந்த துணி போல நிற்கின்றன. கொண்டைகள் இன்னும் கறுக்கின்றன. பனி எங்கோ உள்ளே புகுகிறது. பலகை இடுக்குகளிலும் பழைய துணியைத் திணித்தேன்.

மைனர் கூட்டுக்குள் வருவதில்லை. விரட்டிப் பிடித்து உள்ளே விட்டால் காலுக்கிடையில் புகுந்து ஓடி, சைப்ரஸ் மரத்தில் ஏறிக்கொள்கிறான். அவன் கொண்டை பாதி கரியாகிவிட்டது. அறிவு கெட்டவன். செத்தால் சாகட்டும்.

கார்த்திகை 22

ஆண் பிள்ளை! ஊட்டி ஆஸ்பத்திரியில். என் கையில்தான் முதலில் தந்தார்கள். என்னத்தைச் சொல்ல. மூக்கு அப்படியே எங்கள் அம்மா.

கார்த்திகை 27

வீட்டுக்கு வந்துவிட்டோம். பின்னறையைப் பிரசவ அறையாக மாற்றினேன். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது. காதில் பஞ்சு, தலையில் துணி. ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஊசிக்காற்று வந்தது. மைதா பசை காய்ச்சி, பழைய பேப்பரை மூன்றடுக்காக ஒட்டினேன். கதவின் அடியில் பழஞ்சேலையைச் சுருட்டி வைத்தேன். இப்போது அறைக்குள் தீக்குச்சி கொளுத்தினால் சுடர் ஆடுவதில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

வீரபாகு கரண்ட் ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறார். அது பிள்ளையின் தோலைப் பொரித்தெடுத்துவிடும். போதாததற்குக் கரண்டும் அடிக்கடி போய்விடுகிறது. கரண்டு எடுக்கிற அணைக்கரையில் கரண்டு இல்லை, கேட்டால் சிரிப்பார்கள். இரும்புச் சட்டியில் கரி போட்டு வைத்தேன். பிள்ளைத் துணி காய்வதற்கும் அதுதான், குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடுவதற்கும் அதுதான். சட்டியை வெளியே வைத்து ஊதி, புகையெல்லாம் போனபின்தான் உள்ளே கொண்டுவருகிறேன். புகை பிள்ளைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா?

"மூச்சு முட்டுதுக்கா. ஜன்னலக் கொஞ்சம் தொறயேன்" என்றாள் முத்து.

"சன்னி கண்டா தெரியும். பேசாமப் படு."

"ஒரேயடியா ஜெயில் வார்டன் மாதிரி பண்ற."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாடி?" என்றேன். சிரித்துவிட்டாள்.

கார்த்திகை 29

மூக்குத்தி முதல் முட்டை இட்டிருக்கிறாள். சின்னதாக, சூடாக. நல்லெண்ணெயில் மிளகு போட்டு முத்துவுக்குக் கொடுத்தேன்.

மார்கழி 4

இந்த வருஷம் பனி அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. கூட்டில் கோழிகள் ஒன்றுக்குள் ஒன்று தலையைச் செருகி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிள்ளைக்குச் செய்வதைக் கோழிக்குச் செய்தால் என்ன? சாயங்காலம் ஒரு வாளியில் கங்கு போட்டு, மேலே சாம்பல் மூடி, கூட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கதவு இடுக்கிலும் சாக்கு அடைத்தேன். இன்றைக்கு அதுகளும் நிம்மதியாகத் தூங்கும்.

மார்கழி 5

மூன்று செத்துக் கிடக்கின்றன.

கடி இல்லை, ரத்தம் இல்லை, இறகுகூட உதிரவில்லை. கம்புக்குக் கீழே, தூங்குவது போல. மரநாய் புகுந்திருந்தால் இப்படியா விட்டுப்போகும்? கொண்டைகள் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தன. உயிரோடு இருந்தபோது அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. கறுத்திருந்த நுனி தவிர மற்றதெல்லாம் செம்பருத்திப்பூ.

நேற்று மாதம்மாள் வேலிக்கு மேலே கோஸ் இலை போட்டாள். என் கண்ணால் பார்த்தேன். மைனர் விடியுமுன் கூவுகிறான், தூக்கம் கெடுகிறது என்று போன வாரம்தான் முனகினாள்.

நேராகப் போய்க் கேட்டேன். "இலையில என்ன தடவிப் போட்ட?"

கையில் மாவோடு அப்படியே நின்றாள். "என்னங்க பேசறீங்க? நானும் அதைத்தான் பொரியல் பண்ணித் தின்னேன்."

"நீ சாகலையே."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று திரும்பும்போது தோன்றியது. தோன்றினால் என்ன? செத்தது என் கோழி.

மார்கழி 8

முத்துவுக்குத் தலைவலி. நெற்றியில் சுக்குப் பத்து போட்டேன். காலையில் எனக்கும் தலை கனமாகத்தான் இருக்கிறது. அடுக்களைக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து காப்பி போட்டுக் குடித்தால் போய்விடுகிறது. மலைக்காற்று பழக வேண்டும்.

வீரபாகு பிள்ளையைப் பார்க்க உட்கார்ந்தார். "இந்த ரூமுக்குள்ள வந்தாலே எனக்கும் தலை வலிக்குது மதினி."

"ஆம்பிளைக்குப் பிரசவ ரூம்ல என்ன வேலை?"

எழுந்து போய்விட்டார்.

மார்கழி 10

கருப்பியும் போய்விட்டாள். அதே மாதிரி. மாதம்மாள் கொடுத்த எதையும் நான் போடவில்லை. தீனியைக்கூட நேற்று மாற்றினேன். வாளியில் கங்கு போட்டு, நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து அடைத்துத்தான் கதவைச் சாத்தினேன். இடுக்கு வழியாகக் கைவிட்டு எதையோ வீசியிருப்பாள். இடுக்கே இல்லை, ஆனாலும் வேறு எப்படி?

மிச்சம் மூக்குத்தி ஒருத்திதான். இவளும் தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடினாள். வெயிலில் விட்டபின் மத்தியானம் தேறி, மண்ணைக் கிளறினாள். மைனர் மரத்தில் இருந்து இறங்கிவந்து அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அந்தக் கரிக்கொண்டையனுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மார்கழி 12

முத்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். நான் கடைவீதிக்குக் கறிவேப்பிலை வாங்கப் போன நேரம் பார்த்து வீரபாகு அவளை வாசல் வெயிலில் உட்கார வைத்திருக்கிறார். திரும்பிவந்து பார்த்து எனக்குப் பதறிவிட்டது. "வெயில்ல உட்கார்ந்தா நல்லாருக்குக்கா. தலைவலி விட்ருச்சு" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் பேசியிருக்கலாம்.

உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, சட்டியில் கூடக் கொஞ்சம் கரி போட்டேன்.

பிள்ளை மட்டும் தங்கம். முன்னே மாதிரி அழுவதே இல்லை. பாலுக்குக்கூட எழுப்பத்தான் வேண்டியிருக்கிறது. என்ன நிறம்! கன்னம் இரண்டும் சிவந்து, உதடு சிவந்து. நம் குடும்பத்தில் யார் இவ்வளவு சிவப்பு? கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் பெரிதாகப் பொட்டு வைத்தேன்.

மார்கழி 13

கீழ் அணையில் ஷட்டர் வேலை. வீரபாகு நாளை மறுநாள்தான் வருவார்.

மூக்குத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். பிரசவ அறை மூலையில் கூடையைக் கவிழ்த்து மூடிவைத்திருக்கிறேன். தீட்டு, சுத்தம் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் மாதம்மாளின் கை இந்த அறைக்குள் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுகிறேன். வாசலுக்கும் பின்கதவுக்கும் பூட்டு, சாவி என் இடுப்பில். தீனி என் கையால், தண்ணீர் நான் கொதிக்கவைத்தது.

மார்கழி 18

ஊட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். டைரியைப் பையில் யார் போட்டது என்று தெரியவில்லை.

பதினான்காம் தேதி காலை. அடுக்களையில் பூண்டுக் குழம்பு வைத்துவிட்டு, முத்துவை எழுப்பலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் கதகதவென்று இருந்தது, சந்தோஷப்பட்டேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

கூடையைத் தூக்கினேன். மூக்குத்தி சாய்ந்து கிடந்தாள். உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். எப்படி வந்தாள் அவள்? பூட்டைப் பார்த்தேன். பூட்டியே இருந்தது. சாவி இடுப்பில் குத்தியது. ஜன்னலைப் பார்த்தேன். பேப்பர் ஒரு கீறல் இல்லாமல் ஒட்டியிருந்தது. யாரும் வரவில்லை. வரவும் முடியாது. இந்த அறைக்குள் வந்துபோகிறவள் நான் ஒருத்திதான்.

கோழி கையில் இருந்தது. கொண்டை செம்பருத்திப்பூவாகச் சிவந்திருந்தது. நிமிர்ந்தால் கட்டிலில் பிள்ளை. கன்னத்தில் நான் வைத்த கறுப்புப் பொட்டைச் சுற்றி அதே சிவப்பு.

அந்தச் சிவப்பு. கடவுளே, நான் அதற்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தேன்.

கோழியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கினேன், தலை என் தோளில் துவண்டு விழுந்தது. முத்துவை உலுக்கினேன். "ம்" என்றாள், கண் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து உறைபனிப் புல்லில் வெறுங்காலோடு ஓடினேன். இருபது நாளாகக் காற்றுப் படாமல் பொத்திவைத்த பிள்ளையை, துணியை உருவி எறிந்துவிட்டு, வெறும் உடம்போடு அந்தக் குளிருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். "மாதம்மா! மாதம்மா!" என்று கத்தினேன். வேறு யார் பெயரும் வாயில் வரவில்லை.

அவள் வேலியைச் சுற்றி வரவில்லை, தாண்டித்தான் வந்தாள். "பைத்தியமா உனக்கு? புள்ளைய ஏன்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முத்து உள்ளே" என்றேன். உள்ளே ஓடினாள். ஜன்னல் திறக்கவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பிறகு முத்துவின் கைக்குக் கீழே கைகொடுத்து, இழுத்தபடியே பின்வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

பிள்ளை அழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன். மாதம்மாள் அவனைப் பிடுங்கி, முகத்தில் ஊதி, புல்லில் இருந்த பனியை அள்ளி நெஞ்சில் தேய்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதான். பூனைக்குட்டி மாதிரி அழுதான். மாதம்மாள் ஆள் அனுப்பிக் கேட்ட பங்களா ஜீப் வரும்வரை அந்த அழுகை நின்றுவிடக் கூடாது என்று அவனைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

மார்கழி 23

இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கரிக்கு வாசனை இல்லாத ஒரு நஞ்சு இருக்கிறதாம். புகை அடங்கினபின்னும் அது அடங்காதாம். காற்றுப் போக வழியில்லாத இடத்தில் வைத்தால் ரத்தத்தில் ஏறி, ஆளைச் சிவக்க வைத்துக் கொல்லுமாம். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், கத்தவில்லை. முத்துவுக்கு ஒன்றும் பயமில்லை என்றார். பிள்ளைக்கு மட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது, சத்தத்துக்குத் திரும்புகிறானா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா என்று வரும் மாதங்களில் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"ரூமை அப்படி மூடினது யாரு?"

வீரபாகு என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முத்து, "நான்தான் சார் மூடச் சொன்னேன். எனக்குக் குளிர் தாங்கல. அக்கா வேணாம்னுதான் சொன்னா" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வீரபாகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இல்லேன்னா ரெண்டு பேரையும் நான் பாத்திருக்க முடியாது மதினி." ஜீப்பில் அவர் முன்னால் உட்கார்ந்ததும் முத்துவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

பிள்ளையை என் மடிக்கு நகர்த்தினாள். "உண்மை தெரிஞ்சா இவனை அவரு உன் கையில தருவாராக்கா?"

அவ்வளவுதான் சொன்னாள். என் மூளை கெட்ட வேலைக்கு அவள் பழி சுமக்கிறாள். வழியெல்லாம் பிள்ளையின் தலையை என் கண்ணீர் நனைத்தது.

மார்கழி 24

கோழிக் கூட்டைப் பிரித்து அடுக்கிவிட்டேன். சாக்கை உருவியபோது உள்ளேயிருந்து ஈரமும் சாம்பலும் கொட்டின. மாதம்மாளிடம் போய், "என்னை மன்னிச்சிரு" என்றேன். "சரி உடுங்க" என்றாள். கரிச்சட்டியை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். போகும்போதும் வரும்போதும் என் கண்ணில் படுகிறது. அவளுக்கு எல்லாம் தெரியும்.

மார்கழி 27

பிள்ளையின் காதருகே தட்டைத் தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தான். கிலுகிலுப்பையை ஆட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தான்.

தை 4

நாளை சாத்தூர் போகிறேன். அவர் கடையில் தனியாகத் திண்டாடுகிறார் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட ஆள் இன்னும் வரவில்லை. மேல்பாதியில் அட்டை, கீழே திறப்பு. ஹீட்டர் ஓடுகிறது. சட்டத்தில் ஒட்டிய மைதாவை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, போகவில்லை.

காலையில் முத்து குளிக்கப் போனபோது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலருகே உட்கார்ந்தேன். விழித்துத்தான் இருந்தான். மைனர் மரத்தில் இருந்து இறங்கி, ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றான். பாதிக் கொண்டை கரிந்து உதிர்ந்துவிட்டது. கழுத்தை நீட்டினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்தேன்.

கூவினான். அதே நேரம் ஜன்னல் வழியாக ஒரு காற்றும் வந்தது. பிள்ளையின் கை இரண்டும் விலுக்கென்று விரிந்து மூடின.

கூவலுக்கா, குளிருக்கா, தெரியவில்லை. இன்னொரு தரம் கூவட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலை மூடவில்லை.